மூன்றாவது கட்டரும் உடைந்தபோது

“டாக்டர், இந்த மெஷினுக்கு என் மேல என்னதான் கோபம்?” என்று கேட்டார் தணிகைநாதன்.

அவர் ஆடிட்டர். ஊரார் கணக்கில் குறை கண்டுபிடித்தே தலை நரைத்தவர். ஆசைக்கு, கம்ப்யூட்டர் சொல்கிறபடி சுழலும் கட்டரால் உலோகத்தைக் குடையும் ஒரு சின்ன சிஎன்சி மில்லிங் மெஷின் வாங்கிக் கூடத்து மூலையில் வைத்திருந்தார். ஆசை இப்போது அவசரமாகிவிட்டது. மனைவி மங்கையின் சக்கர நாற்காலியில் கால்பலகையைத் தாங்கும் துண்டு உடைந்துபோனது. நாற்காலியைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். புதுத் துண்டை அவரே செய்தாக வேண்டும். அவள் கட்டிலே கதியென்று கிடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

பல் டாக்டர் ஜெசிந்தா அடுத்த தெரு. இதே பைத்தியம் அவருக்கு முன்பே பிடித்திருந்ததால் குருவாகிவிட்டார்.

“என்ன ஆச்சு சார்?”

“முதல் துளை நல்லா போடுது. ரெண்டாவதுக்குப் போற வழியில கட்டர் படக்குனு உடையுது. மூணு போச்சு. இருக்குறது இது ஒண்ணுதான்.”

“துண்டு ஆடுதா?”

“எப்படி ஆடும்? கிளாம்ப் போட்டு நானே இறுக்கியிருக்கேன்.”

“புரோகிராம்?”

“வரி வரியா பார்த்துட்டேன். கம்ப்யூட்டர்ல ஓட்டினா வழுக்கிக்கிட்டுப் போகுது. இங்க உடையுது. ஒண்ணுமே புரியல டாக்டர், மண்டை காயுது.”

டாக்டர் மெஷின் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசலுக்குப் போய்த் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

“என்னை சமையலறைக்கு அனுப்புங்க. தொடக்கூடாது. வாயால சொல்லணும்.”

“விளையாடுற நேரமா இது?”

“சொல்லுங்க சார்.”

தலையெழுத்தே என்று சொன்னார். “நேரா எட்டடி. அப்புறம் இடது பக்கம் அஞ்சடி.” கணக்கில் அவர் புலி. ஓரடி பிசகாது.

டாக்டர் விறுவிறுவென்று நடந்தார்.

தடாரென்று ஒரு சத்தம். முக்காலி உருண்டது. அதன் மேலிருந்த காபி டம்ளரும் உருண்டது.

“ஐயோ! முக்காலி இருக்கே டாக்டர், தெரியலையா?”

“தெரியல” என்றார் டாக்டர், முழங்காலைத் தேய்த்தபடி. கண்கட்டை அவிழ்க்கவில்லை.

தணிகைநாதன் டம்ளரை எடுக்கக் குனிந்தார்.

உள்ளேயிருந்து மங்கை கத்தினாள்: “என்னங்க சத்தம்? மெஷினைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்னு நீங்கதானே அந்த முக்காலிய நடுவழியில போட்டீங்க!”

அவர் மெதுவாகத் திரும்பி மெஷினைப் பார்த்தார்.

இரண்டு துளைகளுக்கும் நடுவே கிளாம்ப் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் மேல் மூன்று கீறல்கள்.