பட்டணத்தில் களை கட்டியது

மொட்டைப்பனையூருக்குப் பத்திரிகை ஒன்றே ஒன்றுதான் வரும். அதை டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், ஊரே உட்கார்ந்து கேட்கும். ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் அதில் ஒரு செய்தி: ‘சென்னையில் தீபாவளி களை கட்டியது.’ பண்டிகைக்கு இன்னும் இரண்டு வாரம் கிடந்தது.

ஊர் அதிசயித்துப் போனது. இங்கே வயலில் களை முழங்கால் உயரம் நிற்கிறது, பிடுங்க ஆள் இல்லை. பட்டணத்துக்காரனோ தீபாவளிக்கு முன்னாலேயே களையெல்லாம் எடுத்து, கட்டாகக் கட்டியும் வைத்துவிட்டான்.

அந்த வித்தையைப் பார்த்துவர ஆள் அனுப்புவது என்று பஞ்சாயத்துத் தலைவர் முடிவு செய்தார். போகிற கையோடு நாற்பது வீட்டுக்கும் புதுத்துணி எடுத்து வரட்டும் என்று ஊர்ப் பணத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆவுடையப்பனிடம் கொடுத்தார்.

ஆவுடையப்பன் ஏற்கெனவே சென்னைக்குப் போனவர். ரயிலில் தூங்கிப்போய், எழும்பூரில் பெட்டியைக் கழுவும்போதும் எழுந்திருக்காமல், அதே ரயிலில் திரும்பி வந்தவர். இதைச் சொல்லிச் சிரிக்கிற நாலு பேர் ஊரில் இருந்தார்கள். இந்தத் தடவை வேலையைக் கச்சிதமாக முடித்து அவர்கள் வாயை அடைக்கவேண்டும் என்று புறப்பட்டார். துணைக்குப் பேச்சிமுத்துவும் சுடலைக்கண்ணுவும். எங்கே மறுபடி தூங்கிவிடுவோமோ என்று மூன்று பேரும் வழி நெடுக ஒருவர் இமையை ஒருவர் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

கையில் ஆளுக்கொரு அரிவாளோடு எழும்பூரில் இறங்கியவர்களை ரயில்வே போலீஸ் நிறுத்தி, ஒரு மணி நேரம் விசாரித்து, அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியது. விருந்தாளியின் சுமையை வாங்கி வைக்கிற பண்பு பட்டணத்தில் இருக்கிறதே என்று ஆவுடையப்பன் நெகிழ்ந்து போனார்.

தீபாவளி எங்கே களை கட்டியிருக்கிறது என்று ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டார்கள். தி.நகருக்குப் போங்க, அங்கே கால் வைக்க இடம் இருக்காது என்றார் அவர். இது பெரிய சிக்கலாகிவிட்டது. கால் வைக்க இடமில்லாத ஊருக்குள் எப்படிப் போவது? மூன்று டீ குடிக்கிறவரை யோசித்து, கடைசியில் ஆளுக்கு ஒரு காலை மட்டும் வைப்பது என்று தீர்மானம் ஆனது. அப்படியே தி.நகர் கடைத்தெரு முழுக்க மூன்று பேரும் நொண்டியடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தில் அதை ஒருத்தரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. எல்லாருமே ஏறக்குறைய அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தார்கள். விற்பனைப் பெண் ஒரு புடவையை விரித்து, “பிடிச்சிருக்காண்ணே?” என்றாள். பேச்சிமுத்து அதன் முந்தானையை இறுகப் பற்றி, பிடித்திருப்பதாகச் சொன்னான். அவள் அடுத்ததை விரித்தாள். அதையும் பிடித்தான். இருபதாவது புடவையில் அவன் முகமே தெரியவில்லை.

“ரெண்டு கைதானம்மா இருக்கு, இதுக்கு மேல பிடிக்க முடியாது” என்று குவியலுக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

அவள் புடவைகளைப் பிடுங்கிக்கொண்டு, “போயிட்டு வாங்க” என்றாள். வாசல் வரை போய்விட்டு வந்தார்கள். மறுபடி சொன்னாள். மறுபடி போய்விட்டு வந்தார்கள். ஐந்தாவது தடவை அவள் பேச்சை விட்டுவிட்டு வாசலைக் கையால் காட்டினாள்.

தெருவில் அப்போது போலீஸ் ஒலிபெருக்கி பேசியது: “திருடர்கள் உங்கள் அருகிலேயே இருக்கலாம். எச்சரிக்கையாக இருங்கள்.”

மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“அண்ணாச்சி, ஒமக்கு அருகுல யாரு நிக்கா?” என்றான் பேச்சிமுத்து.

“நீதாம்லே.”

“எனக்கு அருகுல நீரு.”

இருவரையும் ஒட்டி நின்ற சுடலைக்கண்ணு, தனக்கு மட்டும் ரெண்டு திருடன் என்று கண்கலங்கினான்.

ஆவுடையப்பன் தன் மனசைத் தானே சோதித்துப் பார்த்தார். பத்து வயதில் பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளரிக்காய் பறித்தது ஞாபகம் வந்தது. சர்க்கார் இதையெல்லாம்கூடத் தெரிந்து வைத்திருக்கிறதே என்று வியர்த்துப் போனார்.

“அருகுல இருக்கவன் திருடன்னு போலீஸே சொல்லியாச்சு. அப்போ தூரத்துல நிக்கவன்?” என்று கேட்டார்.

“யோக்கியன்” என்றார்கள் மற்ற இருவரும்.

தூரத்தில் கரும்புச்சாறு வண்டி ஓரம் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் நின்று, இவர்களுடைய மஞ்சள் பையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை தூரத்திலும் அவருக்கு ஊர்ப் பணத்தின் மேல் அவ்வளவு அக்கறை. கிட்டே போனால் அவரும் திருடனாகிவிடுவாரே என்று, பையை நடுத்தெருவில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையசைத்தார்கள். அவர் நாலாபக்கமும் பார்த்தார், எடுத்தார், நடந்தார். தூரம் போகப் போக அவர்மேல் ஆவுடையப்பனுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. கண்ணுக்கு மறைந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

கால் மணி நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் அந்த மனிதரைச் சட்டையோடு பிடித்து, பையையும் கொண்டுவந்தார். பை உங்களுடையதா என்று கேட்டபடி கிட்டத்தில் வந்து நின்றார். ரொம்பக் கிட்டத்தில். மூன்று பேரும் அவர்மேல் பாய்ந்து பையைப் பறித்தார்கள். கான்ஸ்டபிள் கடை வாசலில் நின்ற புடவைப் பொம்மைகளின் நடுவே மல்லாந்து விழ, கட்டம் போட்ட சட்டைக்காரர் ஓட்டமெடுத்தார்.

“பாவம், பையை விட்டுட்டு ஓடுதாரு” என்று பதறி, பையோடு மூன்று பேரும் பின்னால் ஓடினார்கள். துரத்துகிறார்கள் என்று அவர் இன்னும் வேகமாக ஓடினார். பனகல் பூங்காவுக்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. பெஞ்சில் விழுந்து, “உங்க பையே வேணாம்ப்பா, என்னை விட்டுடுங்க” என்று கும்பிட்டார்.

ஆவுடையப்பன் அவரைப் பார்த்தார். இப்போது அவர் கைக்கெட்டும் அருகில் இருந்தார்.

“தூரத்துல இருந்த வரைக்கும் எவ்வளவு நல்ல மனுசனா இருந்தீரு” என்றார் துக்கத்தோடு.

அதற்கும் ஆவுடையப்பனே வழி கண்டுபிடித்தார். மூன்று பேரும் அறுபதடி பின்னால் நகர்ந்தார்கள். அவர் மறுபடி யோக்கியரானதும், பையை அவர் மடியில் போய் விழும்படி வீசினார்கள். இந்தத் தடவை அவர் ஆட்டோவில் போனார்.

ஆவுடையப்பன் பஞ்சாயத்துத் தலைவருக்குப் போன் போட்டார். துணி என்னாச்சு, பணம் என்னாச்சு என்று தலைவர் பதறினார்.

“பணம் பத்திரமா இருக்கு. எவ்வளவு பத்திரம்னா, நாமளே தேடினாலும் கிடைக்காது” என்றார் ஆவுடையப்பன்.

தலைவருக்கு உயிர் வந்தது. அன்று சாயங்காலமே மொட்டைப்பனையூரில் தீபாவளி வெடி போட்டார்கள்.