குட்டைக்கரையில் கூடிய கோர்ட்டு

செவத்தான் என்ற ஆள்காட்டிக் குருவிக்கு டி.வி. பைத்தியம் பிடித்திருந்தது.

மூங்கில் காட்டின் ஓரத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. அங்கே காவலுக்கு இருந்தவர் வெக்கை தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் டி.வி. பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே, மூங்கில் புதருக்குள், பாதிக் காடு உட்கார்ந்து பார்க்கும். அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கோர்ட்டு நாடகம். ஐந்து மணி வரை ஓடும். அதில் மாசிலாமணி என்ற வேலைக்காரன்மேல் திருட்டு வழக்கு. எஜமானி அம்மாளின் அட்டிகையைக் காணவில்லை. யார் முகத்தின்மேல் சந்தேகமோ, அந்த முகத்தை மூன்று தரம் பக்கத்தில் காட்டுவார்கள். மூன்று தரமும் "டொய்ங்!" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் செவத்தானுக்கு இருப்புக் கொள்ளாது.

"அவன்தான் திருடன்! முழியைப் பாருங்க!" என்று முதல் ஆளாகக் கத்துவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செவத்தானுக்கு வேறு வேலை இருந்தது. குட்டைக்கரைச் சரளைக்கல் நடுவே அவன் மனைவி பவளம் நாலு முட்டை இட்டிருந்தாள். காலையிலிருந்து அடைகாத்த அவள் எழுந்து சிறகை உதறினாள்.

"ஏங்க, நான் அந்தப் பக்கம் போய் ரெண்டு புழு பொறுக்கிட்டு வர்றேன். வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. இன்னைக்கோ நாளைக்கோ பொரிஞ்சிரும்."

"எழுந்திருப்பேனா நான்?" என்றான் செவத்தான்.

பவளம் பறந்து போனாள். சாவடிப் பக்கமிருந்து நாடகத்தின் பாட்டு கேட்டது. செவத்தான் கழுத்தை நீட்டினான். பிறகு முட்டைகளைப் பார்த்தான். நாவல் மரத்து நிழல் அவற்றின்மேல் வந்துவிட்டது. வெயில் சுடாது.

"ஒரு அஞ்சு நிமிஷம்" என்று முட்டைகளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. வக்கீல் மாசிலாமணியைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். மாசிலாமணி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"மூஞ்சியை மூடிட்டான்! இனி என்ன சாட்சி வேணும்?" என்று கத்தினான் செவத்தான்.

"ஜெயில்ல போடுங்க!" என்றது முயல்.

"ஜெயில் பத்தாது!" என்றது மந்தி.

நீதிபதி பேனாவைத் திறந்தார். காடே மூச்சைப் பிடித்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

"நாசமாப் போக!" என்றது மந்தி. எல்லோரும் மாசிலாமணியைத் திட்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கக் குட்டைக்கு நடந்தார்கள். செவத்தான் முன்னால் பறந்தான். பவளம் வருவதற்குள் முட்டைமேல் உட்கார்ந்துவிட வேண்டும்.

பள்ளத்தில் மூன்று முட்டைகள் இருந்தன.

அவன் இன்னொரு தரம் எண்ணினான். மூன்றுதான்! அதற்குள் பின்னால் பவளம் வந்து இறங்கினாள்.

"ஒண்ணு எங்கேங்க?"

நான் நாடகம் பார்க்கப் போய்விட்டேன் என்று சொல்ல வேண்டும். அலகைத் திறந்தான். அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது.

"திருடன்! திருடன்!" என்று கத்தினான் செவத்தான்.

ஆள்காட்டிக் குருவி கத்தினால் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? காடு முழுக்கக் கேட்டது. குட்டைக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் ஓட்டமாக ஓடி வந்தது.

தண்ணீர் ஓரத்தில் ஒரே ஒருத்தி குனிந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், நீள மூக்கு, குட்டைக் கால். எறும்புப் புற்றுகளைத் தோண்டிக்கொண்டு தனியாகத் திரிகிறவள். பகலில் அவளை யாரும் பார்த்ததே இல்லை.

"நாமெல்லாம் அங்க இருந்தோம். இவ மட்டும் இங்க என்ன பண்றா?" என்றது மந்தி.

கூட்டம் வளைத்துக்கொண்டது. கூச்சலைக் கேட்ட அழுங்கு தலையை வயிற்றுக்குள் இழுத்து, வாலால் சுற்றி, பந்தாகச் சுருண்டுவிட்டாள்.

"மூஞ்சியை மூடிட்டா!" என்று கத்தினான் செவத்தான்.

"மாசிலாமணி மாதிரியே!" என்றது முயல்.

மூங்கில் உச்சியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. எந்தச் சத்தத்தையும் அப்படியே திருப்பிச் சொல்லும் பறவை அது. அது தன் பங்குக்கு, "டொய்ங்! டொய்ங்! டொய்ங்!" என்றது.

அவ்வளவுதான். குட்டைக்கரையில் கோர்ட்டு கூடிவிட்டது.

காட்டெருமை நீதிபதி. அது எந்நேரமும் அசைபோடுவதால் பார்ப்பதற்கு யோசிப்பது போல இருக்கும். நாவல் மரத்தடியில் போய்க் கம்பீரமாக நின்றது. மந்தி வக்கீல். கறுப்புக் கோட்டு இல்லாத குறையை அதன் கறுப்பு முகம் தீர்த்தது.

"கனம் நீதிபதி அவர்களே! இந்த அழுங்கு முட்டையைத் தின்னாளா இல்லையான்னு கேக்கறேன். ஏ அழுங்கு, தின்னியா?"

பந்து பேசவில்லை.

"பதில் இல்லை! குறிச்சுக்குங்க!"

"எதுல குறிக்கிறது?" என்று கேட்டது காட்டெருமை.

"மனசுல குறிச்சுக்குங்க ஐயா! அடுத்தது, இவ ஏன் இப்படிச் சுருண்டு கிடக்கறா? வயித்துக்கும் வாலுக்கும் நடுவுல எதையோ ஒளிச்சு வச்சிருக்கா! என்னது அது?"

"முட்டை!" என்று கூட்டம் கத்தியது.

"டொய்ங்!" என்றது கரிச்சான்.

காட்டெருமை மெதுவாகச் செவத்தான் பக்கம் திரும்பியது. "ஆமா, நீ எங்கப்பா இருந்தே? நீயும் எங்களோட சாவடியிலதானே..."

"ஆட்சேபணை!" என்று குதித்தது மந்தி. "முட்டையைப் பறிகொடுத்தவரையே குறுக்கு விசாரணையா?"

"டொய்ங்! டொய்ங்!" என்றது கரிச்சான். காட்டெருமையின் கேள்வி அதில் முங்கிப் போயிற்று.

ஆனால் பவளத்தின் காதில் அது விழுந்துவிட்டது. அவள் செவத்தானைப் பார்த்தாள். செவத்தான் அந்தப் பார்வையை விட்டு வேறு பக்கம் திரும்பி, முன்னைவிடப் பலமாகக் கத்தினான்.

"இவளை இங்க விடக் கூடாது! துரத்துங்க!"

"துரத்துங்க! துரத்துங்க!" என்றது கூட்டம்.

துரத்துவது என்றால் சின்னத் தண்டனை இல்லை. அது சித்திரை மாதம். அந்தக் குட்டையை விட்டால் இரண்டு மலை தாண்டி ஆற்றில்தான் தண்ணீர். அழுங்கின் குட்டைக் கால்களுக்கு மூன்று நாள் நடை. வழியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

காட்டெருமைக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் எல்லோரும் கத்தினார்கள். நாடகத்து நீதிபதி பேனா எடுத்தாற்போல அதுவும் தீர்ப்புச் சொல்ல முன்காலைத் தூக்கியது.

அப்போது சாவடிப் பக்கம் பார்த்து முயல் துள்ளியது. "கரண்ட் வந்துருச்சு! பாட்டுக் கேக்குது!"

மாசிலாமணிக்கு என்ன தீர்ப்பு! வக்கீல் ஓடினார். கரிச்சான் பறந்தது. நீதிபதியும் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"தீர்ப்பு நாடகம் முடிஞ்சப்புறம்!" என்றது காட்டெருமை. "செவத்தான், அது வரைக்கும் நீ இவளுக்குக் காவல்."

ஒரு நிமிஷத்தில் குட்டைக்கரை காலியாகிவிட்டது.

எத்தனை நாளாயிற்று அப்படி ஓர் அமைதியைக் கேட்டு! தண்ணீரில் ஒரு தட்டான் உட்காரும் சத்தம்கூடக் கேட்டது. பவளம் மூன்று முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் நாடகத்தின் பாட்டு. செவத்தானின் கால் தானாக ஒரு தரம் துடித்தது. ஆனால் போகவில்லை.

"போகலையா?" என்றாள் பவளம்.

"இல்லை."

"மதியம் போனீங்களே."

செவத்தான் சரளைக்கல்லைப் பார்த்தான். இப்போது கத்துவதற்கு யாரும் இல்லை. கத்தினால் யாருக்குக் கேட்கும்?

"போனேன் பவளம். நிழல் வந்துருச்சு, அஞ்சு நிமிஷந்தானேன்னு போனேன். ஒரு மணி நேரம் ஆயிடுச்சு."

"அதை ஏங்க அப்பவே சொல்லலை?"

"சொல்ல வந்தேன். கத்த ஆரம்பிச்சதும் கத்தறதே சுகமா இருந்துச்சு."

பவளம் முட்டைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

பக்கத்தில் செதில் உரசும் சத்தம் கேட்டது. பந்து மெல்லத் திறந்தது. முதலில் ஒரு நீள மூக்கு எட்டிப் பார்த்தது.

"போயிட்டாங்களா?" என்றாள் அழுங்கு.

"போயிட்டாங்க" என்றாள் பவளம்.

பந்து முழுவதும் விரிந்தது. அழுங்கின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒன்று இருந்தது. முட்டை இல்லை. இளஞ்சிவப்பு நிறத்தில், செதில்கூட இன்னும் முற்றாத ஒரு குட்டி! அது செவத்தானைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

"இதைத்தான் மறைச்சேன்" என்றாள் அழுங்கு. "அத்தனை பேர் கத்திக்கிட்டு வந்தா வேற என்ன பண்ணுவேன்? வளைக்குள்ள வெக்கை. இவனுக்குப் பால் வேணும்னா எனக்குத் தண்ணி வேணும். அதான் பகல்லயே வந்தேன்."

"அதை நீ சொல்லியிருக்கலாமே அக்கா!" என்றான் செவத்தான்.

"எப்படிச் சொல்றது? வாய் வயித்துக்குள்ள இருந்துச்சு. சரி, வாயைப் பத்திப் பேசறோம், இதைப் பாரு." அவள் வாயைத் திறந்து காட்டினாள். "ஒரு பல்லு தெரியுதா? எறும்பைக்கூட நக்கித்தான் முழுங்கறேன். உன் முட்டையை நான் எதை வச்சுக் கடிப்பேன்?"

செவத்தான் அந்தப் பொக்கை வாயைப் பார்த்தான். பிறகு அந்தக் குட்டியைப் பார்த்தான். மூன்று நாள் நடை. தண்ணீர் இல்லாத வழி. துரத்துங்க என்று முதலில் கத்தியது யார்? அவனுக்குத் தலை நிமிரவில்லை.

அழுங்கு குட்டியை மறுபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு கல் எழுந்து நின்றது.

பள்ளத்துக்கு நாலடி தள்ளி, சரளையோடு சரளையாகக் கிடந்த கல்தான். அதற்கு இரண்டு மெல்லிய கால்கள் முளைத்திருந்தன. தலையில் ஈரம் காய்ந்த பஞ்சு போலக் கொஞ்சம் மயிர்.

"அம்மா, பசிக்குது!" என்றது அந்தக் கல்.

பவளம் பறந்தாளா ஓடினாளா தெரியவில்லை. அடுத்த கணம் குஞ்சு அவள் சிறகுக்குள் இருந்தது.

"கண்ணு! எப்ப வெளியே வந்தே?"

"அப்பா போனதும் வந்தேன். யாரும் இல்லை. நடந்து பார்த்தேன்."

"இவ்வளவு நேரம் ஏண்டா பேசாம கிடந்தே?" என்றான் செவத்தான்.

குஞ்சு அவனை ஆச்சரியமாகப் பார்த்தது. "நீங்கதான் கத்திக்கிட்டே இருந்தீங்களே அப்பா! நீங்க கத்தினா அசையக் கூடாதில்ல? நான் அசையவே இல்லை!"

அது உண்மைதான். ஆபத்து என்று பெற்றவர் கத்தினால் கல்லாகக் கிடக்க வேண்டும் என்பது ஆள்காட்டிக் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே கற்று வரும் பாடம். கத்தல் நிற்கும்வரை எழக் கூடாது. அன்றைக்குக் கத்தல் நிற்கவே இல்லை.

அழுங்குதான் முதலில் சிரித்தாள். பிறகு பவளம் சிரித்தாள். செவத்தானுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஐந்து மணிக்குக் கூட்டம் திரும்பி வந்தது. எல்லோர் முகத்திலும் பூரிப்பு.

"மாசிலாமணி விடுதலை!" என்றது முயல். "அட்டிகை அரிசிப் பானைக்குள்ள இருந்துச்சாம்! அந்த அம்மாவே வச்சுட்டு மறந்துட்டாங்களாம்!"

"நான் அப்பவே சொன்னேன், அவன் நல்லவன்னு!" என்றது மந்தி.

"நான் முதல் நாளே சொன்னேன்!" என்றது முயல்.

"நான் சொல்லலை" என்றான் செவத்தான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் அவன்தான் திருடன்னு சொன்னேன். அழுங்கு அக்காவையும் திருடின்னு சொன்னேன். ரெண்டும் தப்பு. முட்டையைப் போட்டுட்டு நாடகம் பார்க்க வந்தவன் நான். இதோ இருக்கான் காணாமப்போனவன்."

பவளத்தின் சிறகுக்குள்ளிருந்து குஞ்சு தலையை நீட்டியது. அழுங்கின் வால்மேல் அவள் குட்டி உட்கார்ந்திருந்தது. மந்தி வாயைத் திறந்தது. பிறகு, அதன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடியது.

"பொரிஞ்சிருந்தா முட்டை ஓடு எங்கே?" என்று பழையபடி நாவல் மரத்தடியில் போய் நின்று கேட்டது காட்டெருமை.

"ஐயா, உங்க முன்காலைத் தூக்குங்க" என்றாள் பவளம். உடைந்த ஓடு கிடந்த இடத்தை அவள் அதற்குள் பார்த்து வைத்திருந்தாள்.

காட்டெருமை காலைத் தூக்கியது. குளம்பு இருந்த இடத்தில் நொறுங்கிய ஓடு மண்ணோடு கிடந்தது. காற்று அதை நாவல் மரத்தடிக்கு உருட்டிக் கொண்டுவந்திருக்கிறது. நீதிபதி முழு விசாரணையும் சாட்சியத்தின்மேல் நின்றுகொண்டேதான் நடத்தியிருக்கிறார்!

"ம்ம்" என்றது காட்டெருமை. கொஞ்ச நேரம் அசைபோட்டது. "தீர்ப்பு. அழுங்கு எந்த நேரமும் வந்து தண்ணி குடிக்கலாம். அவ குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் சத்தம் போடக் கூடாது. செவத்தானுக்கு என்ன தண்டனைன்னு பவளம் சொல்லட்டும்."

"இன்னும் மூணு முட்டை இருக்கு" என்றாள் பவளம். "அடுத்த ஞாயிறு நான் நாடகம் பார்க்கப் போறேன். நாலு குஞ்சையும் இவர் பார்த்துக்குவார்."

"டொய்ங்!" என்றது கரிச்சான், செவத்தான் முகத்துக்கு நேராக. மூன்று தரம்.

செவத்தான் மூன்று தரமும் முகத்தைத் திருப்பாமல் நின்றான். பிறகு போய் முட்டைகள்மேல் உட்கார்ந்தான். அழுங்கு குட்டியோடு நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். அவள் குடிக்கும் சத்தம் கரை முழுக்கக் கேட்டது.

ஒருவர்மேல் பழி போட்டு ஊரே கத்தும்போது உண்மை பயந்து கல்லாய்க் கிடக்கும். கொஞ்சம் வாயை மூடிக் காத்திருந்தால் அது தானே எழுந்து நடந்து வரும்.