விளாமரத்துக் காவலனும் கரிமூட்டப் புகையும்

ஒரு காட்டில் உயரமான விளாமரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக்கிளை கருமுகன் என்ற குரங்குக்குச் சொந்தம். வேறு யாரும் அங்கே போய் உட்கார முடியாது. ஏனென்றால் கருமுகன்தான் அந்தக் காட்டு மான்களுக்குக் காவல்.

மரத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. சிறுத்தை புதருக்குள் பதுங்கி வந்தால் கீழே மேய்கிற மானுக்குத் தெரியாது. மேலே இருக்கிற கருமுகனுக்குத் தெரியும். "கெக்கர், கெக்கர்" என்று அவன் கத்தினால் போதும், மான்கள் சிட்டாய்ப் பறந்துவிடும். மரம் சும்மா இருந்தால் பயமில்லை, தலையைக் குனிந்து மேயலாம். இதுதான் மான்கள் வகுத்துக்கொண்ட சட்டம்.

மழை விட்ட சமயத்தில் தொல்லை தொடங்கியது. கரி சுடுகிறவர்கள் காட்டோரத்தில் கட்டைகளை அடுக்கி, மண் போட்டு மூடி, நெருப்பு வைத்த கரிமூட்டம் ஒன்றை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே கட்டை கனன்றுகொண்டிருந்தது. மேலே இருந்த ஓட்டை வழியாகப் புகை வந்தது. கொசுக்கடி தாங்காமல் கருமுகன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கொசு ஓடியது. தலை லேசாகக் கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்பு அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

மறுநாளும் போனான். பிறகு கொசு இல்லாத நாளிலும் போனான். கடைசியில், ஓட்டையில் மூக்கை வைத்து இழுக்காவிட்டால் அவனுக்குத் தின்ற பழம்கூடச் செரிக்காது என்றாகிவிட்டது.

ஒருநாள் அந்தி நேரம். சுட்டி என்ற மான்குட்டி விளாமரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் கோரைப்புல் அசைந்தது. அதற்குள் புள்ளி விழுந்த மஞ்சள் தோலைக் கருமுகன் பார்த்துவிட்டான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடியும் கத்திப் பார்த்தான். இருமல்தான் வந்தது, அதுவும் வெறும் காற்றாக.

சுட்டி நிமிர்ந்தே பார்க்கவில்லை. மரம் சும்மா இருக்கும்போது அது எதற்காக நிமிரும்?

நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்துத் தாய்மான் பால் கொடுக்கக் கூப்பிட்டது. சுட்டி துள்ளிக்கொண்டு ஓடியது. சிறுத்தை வாலை ஆட்டிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. நடந்தது எதுவும் மான்களுக்குத் தெரியாது.

கருமுகன் மட்டும் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். "இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? சொன்னால் தொண்டை போன கதையும் வெளியே வந்துவிடுமே.

மறுநாள் காலை எப்படியோ கழிந்தது. உச்சி வெயில் ஏறியதும் தொண்டை அரித்தது. நகத்தால் மரப்பட்டையைப் பிறாண்டினான். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கீழே சுட்டி விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு விளாங்காயைப் பறித்து அதன் முதுகிலே எறிந்தான்.

"ஏன் மாமா என்னை அடிச்சீங்க?" என்று சுட்டி கேட்டது.

"உன்னைப் பாத்தாலே எரிச்சலா இருக்கு. போ அந்தப் பக்கம்" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அழுகை வந்தது.

அந்தியில் ஒரு நரி வந்து மரத்தடியில் உட்கார்ந்தது. அவன் புகை இழுப்பது தெரிந்த ஒரே ஆள் அதுதான்.

"என்ன அண்ணே, முகமே சரியில்ல? விடப்போறீங்களா? நல்ல காரியம். ஆனா ஒரேயடியா விட்டா உடம்பு கெட்டுப்போகும். இன்னைக்கு ஒரே ஒரு இழுப்பு, அதோட நிறுத்திடுங்க."

கருமுகன் போனான். ஒரு இழுப்பு எத்தனை இழுப்பானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது நரி சொன்னது: "மான்கள்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. தொண்டை போன காவக்காரனை யார் வச்சிருப்பாங்க? அப்புறம் உச்சிக்கிளையும் போயிடும், மரியாதையும் போயிடும்."

நரிக்கு ஏன் இவ்வளவு அக்கறை? மூட்டத்து ஓட்டை மண் சரிந்து அடைபடும்போதெல்லாம் காலால் பிறாண்டித் திறந்துவைப்பதும் அந்த நரிதான். அதற்கு வேண்டியது சிறுத்தை தின்றுவிட்டுப் போடுகிற எலும்பு.

இப்படியே நாட்கள் போயின. விடுவதும் மறுபடி போவதுமாகக் கருமுகன் இளைத்துப்போனான். ஒருநாள் உச்சிக்கிளையில் இருந்து பார்த்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கம் நரியும் சிறுத்தையும் முகத்தோடு முகம் வைத்துப் பேசுவது தெரிந்தது. நரி விளாமரத்தைக் காட்டியது. பிறகு தன் தொண்டையைத் தடவிக் காட்டியது. சிறுத்தை உதட்டை நக்கிக்கொண்டது.

கருமுகனுக்குப் புரிந்துவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் சுட்டி இருக்காது. வாயைத் திறந்தால் உச்சிக்கிளை இருக்காது. கொஞ்ச நேரம் கிளையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு கீழே இறங்கினான்.

காவலன் பட்டப்பகலில் மரத்தை விட்டு இறங்குவதைப் பார்த்து மான்கள் மேய்ச்சலை நிறுத்தின.

"எனக்குத் தொண்டை போயிடுச்சு" என்றான் கருமுகன். குரல் கரகரத்தது. "கரிமூட்டப் புகையை இழுத்து இழுத்துப் போயிடுச்சு. சிறுத்தை வந்தா என்னால கத்த முடியாது. அது அந்த நரிக்கும் தெரியும், சிறுத்தைக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

கிளைக்கொம்பன் என்ற ஆண்மானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது முன்னங்காலால் தரையை உதைத்தது. "அப்ப இத்தனை நாளா மரம் சும்மா இருக்குன்னு நாங்க மேஞ்சது?"



தாய்மான் மெதுவாகக் கேட்டது: "என் பிள்ளை உன் மரத்தடியிலதானே மேயுது?"

"ஆமா. ஒருநாள் சிறுத்தை அது பக்கத்துல வந்துச்சு. கத்தினேன். சத்தம் வரல."

தாய்மான் சுட்டியைத் தன் வயிற்றோடு இழுத்துக்கொண்டது.   எல்லா மான்களும் அதையே பார்த்தன.

"விடணும்னு இருக்கியா?" என்று அது கேட்டது.

"இருக்கேன். தனியா முடியல. அந்தியானா கால் தானா அங்க போகுது."

"அப்ப அந்தியில நாங்க எல்லாரும் இந்த மரத்தடிக்கு வந்து நிக்கறோம். நீ இறங்கணும்னா எங்களைத் தாண்டித்தான் போகணும்."

"அதுசரி, சிறுத்தை வந்தா?" என்று கிளைக்கொம்பன் சீறியது. "இவன் என்ன கையைத் தட்டுவானா?"

அப்போது சுட்டி தாயின் காலுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னது: "மாமா நல்லா குறி பாத்து எறிவாரு. எனக்கு இன்னும் முதுகு வலிக்குது."

மறுநாள் அந்தி. மான்கள் மரத்தைச் சுற்றி மேய்ந்தன. நரி கொஞ்சம் தள்ளி நின்று கருமுகனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. "புகை இன்னைக்கு அள்ளிக்கிட்டு வருது, அண்ணே. வாங்க."

காற்றில் அந்த வாசனை வந்தது. கருமுகனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. ஒரு கிளை இறங்கினான். இன்னொரு கிளையும் இறங்கினான். கீழே பார்த்தான். மான்கள் மேய்வதை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கிளைக்கொம்பன்கூடப் பார்த்துக்கொண்டிருந்தது. 

கருமுகன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினான்.

வராவிட்டால் போகிறான், கத்தத்தான் முடியாதே என்று நரி நினைத்தது. வாலை உயர்த்திச் சைகை காட்டியது. சிறுத்தை புதரிலிருந்து வெளியே வந்தது. பதுங்கக்கூட இல்லை. ஊமைக் காவலுக்கு எதற்குப் பதுங்க வேண்டும் என்று நிமிர்ந்தே நடந்து வந்தது.

"தொம்" என்று ஒரு விளாங்காய் அதன் நெற்றியில் விழுந்தது. சத்தம் கேட்டதும் மான்கள் நாலு திக்கிலும் பறந்தன. சிறுத்தை தலையை உதறிக்கொண்டு நிமிர்வதற்குள் அடுத்த காய் அதன் மூக்கைப் பதம் பார்த்தது. மரத்தடியில் ஒரு மான்கூட இல்லை.

சிறுத்தை நரியின் பக்கம் திரும்பியது. "தொண்டை போச்சுன்னு சொன்னியே. கை இருக்குன்னு ஏன் சொல்லல?"

பதில் சொல்ல நரி அங்கே நிற்கவில்லை. அன்று ஓடிய நரி அந்தக் காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

மான்கள் போய்க் குளம்பால் மண்ணைத் தள்ளி மூட்டத்து ஓட்டையை அடைத்தன. புகை நின்றுவிட்டது. ஆனால் கருமுகனுக்கு ஆசை நிற்கவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் போகிற ஆசையா? தொண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது.

வெகுநாள் கழித்து ஓர் அந்தியில் மரத்தின் மேலிருந்து, "கெக்கர்" என்று ஒரு சத்தம் கேட்டது. உடைந்த சத்தம்தான், ஆனாலும் சத்தம். மான்கள் மிரண்டு நிமிர்ந்தன. "எங்க? சிறுத்தை எங்க?" என்று தாய்மான் பதறியது.

"சிறுத்தை இல்ல" என்றான் கருமுகன். அவன் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். "அந்த ஆசை வந்திருக்கு. கொஞ்ச நேரம் வந்து கீழ நில்லுங்க."

மான்கள் வந்து நின்றன. முதலில் ஓடி வந்தது சுட்டி.

நீதி: கெட்ட பழக்கத்தைக் கைவிட நினைப்பவன், அதை மறைத்தால் தனியே தோற்பான்; நம்பியவர்களிடம் சொன்னால் துணையோடு வெல்வான்.