மருந்தை மறக்க வந்தவள்

கணினி விளையாட்டு ஒன்றுக்குள் ஓர் ஊர் இருந்தது. அங்கே வாள் வீசத் தெரிந்தால் மட்டும் போதாது, பிழைக்க ஒரு தொழிலும் வேண்டும். ஒருவருக்கு ஒரு தொழில்தான். புதிதாக ஒன்றைக் கற்க வேண்டுமானால் பழையதை மறக்க வேண்டும். அதற்கென்று ‘மறந்துவிடு’ என ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். விளையாட்டை எழுதியவர்களுக்குச் சின்ன வயதாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஊர்க் கொல்லனை எல்லோரும் ஆசான் என்றார்கள். ஆளை யாரும் பார்த்ததில்லை. ஹெட்போனில் வரும் குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயது இருக்கும்.

ஒருநாள் கோமதி அவன் உலைக்கு முன்னால் வந்து நின்றாள். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டிலிருந்து விளையாடுகிறவள், அவனுக்கு மூத்தவள். விளையாட்டு ஊரில் அவளை மிஞ்சி மருந்து காய்ச்ச ஆள் கிடையாது.

“எனக்குக் கொல்லு வேலை கத்துத் தாங்க, ஆசான்.”

“அப்போ மருந்து?”

“மறந்திருதேன்.”

“ஏன்க்கா?”

“இரும்புக்கு உயிர் கெடையாதுல்லா. அதான்.”

ஆசான் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“முழுசாச் சொல்லுங்க.”

“எங்க வீட்டுக்காரவுகளும் நானும் சேந்துதான் விளையாடுவோம். அவுகளுக்குக் கிட்னி போயிட்டு. கட்டில்ல கெடந்துக்கிட்டே இங்க வந்து வாளைச் சுத்துவாக. நான் பின்னால நின்னு மருந்து குடுப்பேன். வீட்லயும் மருந்து குடுக்குறது நான்தான்.”

“ம்.”

“கடைசியா விளையாண்ட அன்னைக்கு யாளி கடிச்சு நல்ல காயம். ‘தூக்கம் வருது, நாளைக்கு மருந்து போட்டுக்கிடுவோம்’னாக. விடிஞ்சு பாத்தா அவுக இல்ல.”

விளையாட்டை விட்டு வெளியே போகிறவர்களின் உருவம் சத்திரத்தில் படுத்துத் தூங்கும். அவர்கள் திரும்பி வரும்வரை எழாது. அவள் கணவன் இசக்கியப்பனின் உருவமும் அங்கேதான் படுத்திருந்தது.

அன்றைக்குப் போட வேண்டிய மருந்தைக் கோமதி காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து போட்டாள். மறுநாளும் போடப் போனாள். மருந்துக்கு வலு போதவில்லை என்று மலையெல்லாம் ஏறி வேர் தேடினாள். உயர்ந்த மருந்து கைக்கு வந்தது. அதற்கும் அந்த உருவம் எழவில்லை. எழாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தினமும் போனாள்.

“பதினாறு அன்னைக்கு எங்க மாமியார் எல்லார் முன்னாலயும் சொன்னாக. ‘அவ கைக்கு ராசி கெடையாது. அவ குடுத்து எம்பிள்ளைக்கு எது கேட்டுச்சு’ன்னு. அப்போ கோவம் வந்துச்சு. இப்போ, சரியாத்தான் சொல்லிருக்காகன்னு தோணுது.”

ஆசான் உலையை அணைத்தான். பிறகு கேட்டான்.

“பையில மருந்து மிச்சம் இருக்கா?”

“ஒரு புட்டி இருக்கு.”

“தொழிலை மறந்தா அதுவும் மறைஞ்சிரும். அத்தானுக்கே குடுத்திட்டு வந்திருவோம். வாங்க.”

சத்திரத்தில் வேறு யாரும் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இசக்கியப்பன் கவசத்தைக் கழற்றாமல் மல்லாந்து படுத்திருந்தான். கோமதி புட்டியை அவன் வாயருகே கொண்டுபோனாள். ஒரு சொட்டும் இறங்கவில்லை. புட்டி அவள் பைக்கே திரும்பி வந்தது.

“மொத நாள் மட்டுந்தான் இறங்குச்சு. பெறகு தெனமும் இப்படித்தான். வாங்கவே மாட்டேங்காக.”

ஆசான் தன் கையை அடுப்புக்குள் விட்டான்.

அவன் தலைக்கு மேல், மிச்ச உயிரைக் காட்டும் உயிர்க்கோடு தெரிந்தது. அது இறங்க ஆரம்பித்தது.

“என்ன செய்திய? கையை எடுங்க.”

அவன் எடுக்கவில்லை. அந்த ஊரில் செத்தவர்கள் மறுபடி வரலாம், ஆனால் தொழில் போய்விடும். துருத்தி ஊதுவதிலிருந்து தொடங்க வேண்டும். அவன் பல வருஷமாக அடித்துச் சேர்த்த வேலை அது.

“செத்தா எல்லாம் போயிரும், ஆசான்.”

“போவட்டும். மருந்தைக் குடுங்க.”

“என் கையால வேண்டாம். வேற யாரையாவது கூட்டிட்டு வாரேன்.”

“இங்க வேற யாரு இருக்கா?”

உயிர்க்கோடு நூலாக மெலிந்தது. கோமதி அழுதபடியே புட்டியைச் சரித்தாள். கோடு மளமளவென்று ஏறி நிறைந்தது. ஆசான் கையை வெளியே எடுத்தான்.

“கேட்டிருச்சுக்கா.”

அவள் மூச்சு வாங்குவது அவனுக்குக் கேட்டது. அடுத்து வந்த குரலில் கோபம் இருந்தது.

“உங்களுக்குக் கேக்குது. அவுகளுக்கு மட்டும் ஏன் கேக்கல?”

“அத்தானோட கோட்டைப் பாத்தியளா?”

“மொகத்தைத்தான் பாப்பேன். கண்ணு தொறக்காதான்னு.”

தூங்குகிறவர்களின் உயிர்க்கோடு தொட்டால்தான் தெரியும். ஆசான் குனிந்து இசக்கியப்பனின் தோளைத் தொட்டான். தலைக்கு மேல் பச்சைக் கோடு எழுந்து நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எங்கும் குறையில்லை. யாளி கடித்த காயத்தின் அடையாளமே இல்லை.

“அத்தானுக்கும் கேட்டிருக்குக்கா. நீங்க போட்ட மொத நாளே. கோடு நெறஞ்ச பெறகு மருந்து எப்படி இறங்கும்?”

கோமதி அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாளையங்கோட்டையில் ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த விளையாட்டில் வெகுநேரம் அசையாமல் இருக்கிறவர்களும் தூங்கிப்போவார்கள். அவள் உருவம் மெல்லச் சாய்ந்து, காலிப் புட்டியோடு, இசக்கியப்பன் பக்கத்தில் படுத்துக்கொண்டது.