ஒன்பது விளா ஓடுகள்

குழந்தைகளே, முதலில் ஒரு கேள்வி.

விளாம்பழத்தை உடைத்துச் சதையைத் தின்ற பிறகு மிஞ்சுகிற அரை ஓடுகள் ஒன்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வையுங்கள். ஒரு முறைக்குச் சரியாக நான்கு ஓடுகளைப் புரட்ட வேண்டும். மூன்றும் கூடாது, ஐந்தும் கூடாது. நிமிர்ந்தது கவிழும், கவிழ்ந்தது நிமிரும். எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டலாம். கடைசியில் ஒன்பதும் கவிழ்ந்திருக்க வேண்டும். முடியுமா?

விடையை மனத்தில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

மலைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு காட்டில், கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்றே ஒன்று இருந்தது. சிறிய ஊற்று. வெயில் ஏறிவிட்டால் ஒரு குடும்பம் குடிக்கத்தான் காணும். மற்ற விலங்குகள் மலை ஏறி இறங்கி ஆற்றுக்குப் போக வேண்டும்.

ஊற்றங்கரை யாருக்கு? இதற்காகப் பல்லாலும் நகத்தாலும் கிழிபட்டது போதும் என்று கணக்குப் போட்டி வைத்தார்கள். வென்றவர் குடும்பம் அந்தக் கோடை முழுவதும் கரையில் தங்கும். வென்றவர் அன்றைக்கே அடுத்த ஆண்டுக்கான கணக்கைப் பாறை மேல் வைத்துவிட வேண்டும். ஆண்டெல்லாம் எல்லோரும் யோசிக்கலாம். கணக்கு வைத்தவர் மட்டும் அடுத்த போட்டியில் சேரக் கூடாது.

சென்ற ஆண்டு வென்றது நரி. நீங்கள் இப்போது கேட்டீர்களே, அந்தக் கணக்கை வைத்ததும் நரிதான்.

"ஒன்பது ஓடுகள்! ஒரு முறைக்கு நான்கு! எல்லாவற்றையும் கவிழ்க்க முடியுமா?" என்று காக்கை ஒவ்வொரு மரத்திலும் உட்கார்ந்து கத்திவிட்டு வந்தது.

முயல் ஒரு வாரம் புரட்டிப் பார்த்துவிட்டு ஓடியே போயிற்று. கரடி, ஓடு வேண்டும் என்று விளாம்பழம் தின்ன ஆரம்பித்தது. ஓடுகள் மலைபோல் சேர்ந்தன. கணக்கை மறந்துவிட்டது.

முள்ளி மட்டும் விடவில்லை. முள்ளி ஓர் இளம் முள்ளம்பன்றி, மூக்கு நுனியில் கோபம் உள்ளது. அதன் அம்மாவின் பின்னங்காலில் பாறை உருண்டு விழுந்து எலும்பு கூடாமலே நின்றுவிட்டது. அந்தக் காலோடு மலை ஏற முடியாது. கரை கிடைக்காவிட்டால் கோடையில் அம்மாவுக்குத் தண்ணீர் இல்லை.

அதனால் முள்ளி வளையின் வாசலில் ஓடுகளைப் பரப்பிக்கொண்டு ஆண்டு முழுவதும் புரட்டியது. எட்டு ஓடுகளை வைத்துப் பார்த்தது. உடனே வந்தது. பத்தை வைத்துப் பார்த்தது. வெகு நேரம் யோசித்த பிறகு வந்தது. ஒன்பதில் மட்டும் வரவே இல்லை. கோபத்தில் ஓடுகளைக் காலால் எற்றியது. பிறகு போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தது. ஏன் வரவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தது.

போட்டி நாள் வந்தது. யானை நடுவராகப் பாறைக்குப் பக்கத்தில் நின்றது. விதியை மீறாது, அவசரப்படாது, அதுதான் யானை.

"முதலில் யார்?"

"நான்தான்!" என்று குரங்கு குதித்து வந்தது. நரி அதன் முதுகில் தட்டிக்கொடுத்தது.

குரங்கு இரண்டு கைகளும் இரண்டு கால்களும் ஓடுகள் மேல் படும்படி குந்தியது. சுழன்றது. புழுதி கிளம்பியது. மறுபடியும் சுழன்றது. புழுதி அடங்கியபோது ஒன்பது ஓடுகளும் கவிழ்ந்து கிடந்தன.

"ஆகா!" என்றது முயல்.

"இரண்டே முறையில் முடித்துவிட்டான் பாருங்கள்!" என்றது நரி. "நான் பழக்கிய பிள்ளை."

கூட்டம் கைதட்டியது. அப்போது கலகலவென்று ஒரு சத்தம். முள்ளியின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. பக்கத்தில் இருந்தவர்கள் விலகி ஓடினார்கள்.

"திருட்டு!" என்று கத்தியது முள்ளி. "இவன் திருடிவிட்டான்!"

யானை காதுகளை விரித்தது. "முள்ளி, நிதானம். அவன் திருடியதை நீ பார்த்தாயா?"

"பார்க்கவில்லை."

கூட்டம் சிரித்தது.

"பார்க்கவில்லையாம்! வயிற்றெரிச்சல்!" என்றது நரி. "அம்மாவைக் காட்டி அழுதால் கரை கிடைக்கும் என்று நினைத்தாள். கிடைக்கவில்லை. இப்போது பழி போடுகிறாள்."

"என் அம்மாவைப் பற்றிப் பேசாதே!"

"போடி, உன் முள்ளை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வா!" என்று குரங்கு பல்லைக் காட்டியது.

யானை துதிக்கையை உயர்த்தியது. எல்லோரும் அடங்கினார்கள்.

"முள்ளி, விதி உனக்குத் தெரியும். ஒருவனைத் திருடன் என்று சொல்லிவிட்டு அதைக் காட்ட முடியாதவர் இந்தக் கோடையில் ஊற்றுப் பக்கமே வரக் கூடாது. உன் அம்மாவும் வரக் கூடாது. சொன்னதைத் திரும்பப் பெறுகிறாயா?"

முள்ளி ஓர் அடி முன்னால் வந்தது.

"பெற மாட்டேன். எப்படித் திருடினான் என்று எனக்குத் தெரியாது. திருடினான் என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் இது நடக்கவே நடக்காது!"

"உன்னால் நடக்காது என்று சொல்," என்றது நரி.

"யாராலும் நடக்காது! கேளுங்கள்." முள்ளி பாறை மேல் ஏறி ஓடுகளை நிமிர்த்தியது. "இப்போது நிமிர்ந்து நிற்பவை ஒன்பது. ஒற்றைப்படை. நான்கைப் புரட்டுகிறேன். நான்கும் கவிழ்ந்தால் நிமிர்ந்தவற்றில் நான்கு குறையும். மூன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தால் இரண்டு குறையும். இரண்டு கவிழ்ந்து இரண்டு நிமிர்ந்தால் மாற்றமே இல்லை. ஒன்று கவிழ்ந்து மூன்று நிமிர்ந்தால் இரண்டு கூடும். நான்கும் நிமிர்ந்தால் நான்கு கூடும். வேறு வழி உண்டா? யாராவது சொல்லுங்கள், வேறு வழி உண்டா?"

கரடி தன் கால் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "இல்லை," என்றது.

"அப்படியென்றால் எப்போது புரட்டினாலும் இரண்டு இரண்டாகவோ நான்கு நான்காகவோதான் மாறும். ஒற்றைப்படையில் இருந்து இரட்டைப்படையைக் கூட்டு, கழி, என்ன வேண்டுமானாலும் செய். ஒற்றைப்படைதான் வரும். எல்லாம் கவிழ்ந்தால் நிமிர்ந்தது ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் ஒரு ஓடாவது எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். ஆண்டு முழுவதும் புரட்டினாலும் நிற்கும். ஒருவன் ஒன்பதையும் கவிழ்த்துக் காட்டுகிறான் என்றால் அவன் ஏதோ ஒரு முறை நான்குக்கு மேலோ கீழோ புரட்டியிருக்கிறான். இதைப் பார்க்க எனக்குக் கண் வேண்டாம்!"

யானை குரங்கின் பக்கம் திரும்பியது. பிறகு, "குரங்கே, மறுபடியும் செய். இந்த முறை மெதுவாக," என்றது.

"மெதுவாகவா?" குரங்கு நரியைப் பார்த்தது. நரி ஆகாயத்தைப் பார்த்தது.

குரங்கு நான்கைக் கவிழ்த்தது.

"ஐந்து நிற்கிறது!" என்று கத்தியது காக்கை.

இன்னும் நான்கைக் கவிழ்த்தது.

"ஒன்று!"

குரங்கு தலையைச் சொறிந்தது. அந்த ஒன்றையும் வேறு மூன்றையும் புரட்டியது.

"மூன்று!" என்று இப்போது கூட்டமே சேர்ந்து கத்தியது. பிறகு, "ஒன்று!" பிறகு, "மூன்று!" பிறகு மறுபடியும், "ஒன்று!"

குரங்கின் நெற்றி வியர்த்தது. அந்த ஒற்றை ஓடு வெயிலைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றது. குரங்கின் வால் முதுகுக்குப் பின்னால் மெல்ல வளைந்து அதை நோக்கி நீண்டது.

யானை தன் காலை எடுத்து அந்த வாலின் மேல் வைத்தது.

"ஐயோ! நானில்லை! நரி மாமாதான்! வாலால் ஐந்தாவதைத் தட்டு, புழுதி கிளப்பு, கரையில் பாதி எனக்கு, பாதி உனக்கு என்றார்!"

முயல் வாயைப் பிளந்தது. கரடி உறுமியது. "நான் இந்தக் கணக்குக்காகத் தின்ற விளாம்பழம் எத்தனை தெரியுமா, அடப் பாவி!"

"சரி, குரங்கு தோற்றான்," என்றது நரி, முகத்தை மாற்றாமல். "ஆனால் முள்ளியும் கவிழ்க்கவில்லையே? அப்படியானால் யாருமே வெல்லவில்லை."

"காக்கையே," என்றது யானை, "கேள்வியைத் திருப்பிச் சொல்."

"ஒன்பது ஓடுகள்! ஒரு முறைக்கு நான்கு! எல்லாவற்றையும் கவிழ்க்க முடியுமா?"

"கேள்வி அதுதான். முடியாது என்று ஒருத்தி சொன்னாள். ஏன் முடியாது என்றும் சொன்னாள். விடை வந்துவிட்டது. கரை முள்ளியின் குடும்பத்துக்கு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. முள்ளியின் முட்கள் அப்போதும் படியவில்லை. சற்று முன் சிரித்தவர்களும் இவர்கள்தான்.

"அடுத்த ஆண்டுக்கான கணக்கை வை," என்றது யானை.

முள்ளி பாறையருகில் தனியாக நின்றபோது நரி பக்கத்தில் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"கெட்டிக்காரி. ஆனால் யோசித்தாயா? அடுத்த கோடையில் நீ போட்டியில் சேர முடியாது. உன் அம்மாவின் கால் அதற்குள் கூடிவிடுமா? கூடாது. யாராலும் போட முடியாத கணக்காக ஒன்றை வை. முடியாது என்பதற்குக் காரணத்தை உன் சித்தப்பா மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடு. போட்டி நாளில் அவன் வந்து சொல்லட்டும். கரை உங்களிடமே இருக்கும். இதில் பொய் எங்கே இருக்கிறது? வாலை யாரும் நீட்டவில்லையே!"

முள்ளி வளைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே அம்மா முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தது.

முள்ளி கரடி சேர்த்த குவியலுக்குப் போய் ஓர் ஓட்டை எடுத்து வந்து, பாறை மேல் பத்தாவதாக வைத்தது. காக்கையைக் கூப்பிட்டது. "பத்து ஓடுகள். ஒரு முறைக்கு நான்கு. முடியும். எப்படி என்று கேட்டுவிட்டு வா," என்றது.

நீதி: கோபம் நியாயமானதாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குக் காரணம் காட்டவும் தெரிய வேண்டும்.