மூணாள் கண்மாய்

கண்மாய்களை அளந்து சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருத்தி இருந்தாள். நீலாயி என்று பெயர். எந்தக் கண்மாயைக் காட்டினாலும், அது எத்தனை வாய்க்குத் தண்ணீர் கொடுக்கும், எத்தனை காலத்துக்குக் கொடுக்கும் என்று சொல்லிவிடுவாள். அவளிடம் சீடராகச் சேர்ந்த வில்லாயுதம் அவளைவிட வயதில் மூத்தவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தாயே என்பார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பனையடியேந்தல் ஊரார் இருவரையும் வரவழைத்தார்கள். வானம் பார்த்த பூமி அது. வடக்கே இன்னும் மோசம். அங்கே பிழைக்க வழியில்லாமல் கிளம்பிய ஜனம் வண்டி மாடுகளோடு ஊர் எல்லையில் வந்து நின்றது. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டது.

"கண்மாய்த் தண்ணி நமக்கும் நம்ம பிள்ளைகளுக்கும் போக, அவங்களுக்கும் காணும்னா இருக்கட்டும். காணாதுன்னா இன்னைக்கே கிளம்பணும்," என்றார் ஊர்த் தலைவரான அம்பலம். "நீங்க சொல்றதுதான் முடிவு."

எல்லையில் நின்ற வண்டி ஒன்றில் வில்லாயுதத்தின் மகள் ராக்கு இருந்தாள். நிறைமாதம். அதை அவர் நீலாயியிடம் மட்டும் சொன்னார்.

"அப்படின்னா நீங்களே அளங்க, அண்ணே," என்றாள் அவள்.

கண்மாய் அப்போது வற்றிக் கிடந்தது. மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று வில்லாயுதம் கரைமேல் நடந்து நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார். ஆழம் பார்க்கத் தேவையே இல்லை என்றார்கள் ஊரார். பாட்டன் காலத்திலிருந்தே அது மூணாள் கண்மாயாம். நடுவில் நிற்கும் அளவுக்கல்லின் தலைவரை தண்ணீர் நின்றால், ஒருவர் தோள்மேல் ஒருவராக மூன்று பேர் நின்றாலும் முங்கிப்போவார்களாம்.

"எதுக்கும் உள்ளே இறங்கிப் பார்த்துட்டு வரட்டுமா?"

ஊரார் குறுக்கே வந்து மறித்தார்கள். கண்மாய் வற்றினால் உச்சிவேளையில் உள்ளே குடம் உரசும் சத்தம் கேட்கும், பேச்சுக்குரல் கேட்கும், செத்தவர்கள் தண்ணீருக்கு வருகிறார்கள் என்றார்கள். அதனால் தலைமுறை தலைமுறையாக யாரும் இறங்கியதில்லை, ஒரு கூடை மண்கூட அள்ளியதில்லை. அதைப் பெருமையாக வேறு சொன்னார்கள், கிறுக்குப் பிடித்தவர்கள்.

வில்லாயுதம் மூன்று ஆள் ஆழம் என்றே வைத்துக் கணக்குப் பார்த்தார். நீலாயியிடம் வந்தார்.

"தாயே, தாராளமாக் காணும்."

"யாருக்கு?"

"இருக்கிறவங்களுக்கும் வந்தவங்களுக்கும்."

"அதுக்குப் பிறகு?"

"பிறகுன்னா?"

"வாங்க, இறங்கிக் கேட்போம்."

உச்சிப்பொழுது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. இருவரும் கண்மாய்க்குள் இறங்கினார்கள். காற்றே இல்லை. முதலில் இவர்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பாதி தூரம் போனதும் கூடவே இன்னும் பல காலடிகள் கேட்டன.

வில்லாயுதம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. புழுதியில் மட்டும் சின்னச் சின்னப் பாதங்கள் பதிந்துகொண்டே வந்தன. குடத்தோடு குடம் இடித்தது.

"தள்ளு, நான்தானே முன்னாடி நின்னேன்," என்றது ஒரு குரல்.

"இன்னைக்கும் இல்லையா?" என்றது இன்னொன்று.

வில்லாயுதம் நீலாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். பெரிய மனிதர்தான், ஆனாலும் பயம் பயம்தானே.

"போயிடலாம், தாயே. செத்தவங்க."

"செத்தவங்களுக்கு ஏது அண்ணே தாகம்? இவங்க இன்னும் பிறக்கலை."

அளவுக்கல் அருகே வந்துவிட்டார்கள்.

"கையைத் தூக்கி அதோட தலையைத் தொடுங்க," என்றாள் நீலாயி.

தூக்கினார். தொட்டார். குதிகாலை எம்பக்கூட வேண்டியிருக்கவில்லை.

"மூணாள் கண்மாய்னாங்களே."

"மத்த ரெண்டு ஆளும் வண்டலுக்குள்ள நிக்குது."

அப்போது அவர் முழங்கால் உயரத்தில் ஒரு மழலைக் குரல் கேட்டது.

"எங்க அப்பத்தா பேரு ராக்கு. எனக்குத் தண்ணி இருக்கா, பூட்டையா?"

ராக்குவின் வயிற்றுப் பிள்ளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளை அது. வில்லாயுதம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

"காணும்னு சொன்னா இந்தப் பிள்ளை வெறுங்குடத்தோட நிக்கும். காணாதுன்னா நிறைமாசக்காரி எந்தக் காட்டுல போய் விழுவா? நான் என்ன சொல்ல, தாயே?"

"கல்லோட உயரம் தெரிஞ்சுபோச்சு. அள்ள வேண்டிய வண்டல் ரெண்டு ஆள் உயரம். வண்டி மாட்டோட ஆளுங்க எல்லையில சும்மா நிக்கிறாங்க. ஊர்க்காரங்க கதவுக்குப் பின்னால நிக்கிறாங்க. பார்த்துச் சொல்லுங்க."

அம்பலம் மட்டும் துணிந்து கரைவரை வந்திருந்தார். அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"என்னய்யா, காணுமா, காணாதா?"

வில்லாயுதம் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வாயைத் திறந்தார். சட்டென்று கண்மாய்க்குள் எல்லாச் சத்தமும் அடங்கியது. காலடி இல்லை, குடம் இல்லை, குரல் இல்லை.

"போயிட்டாங்களா, தாயே?" என்று மெல்லக் கேட்டார்.

"போகலை, அண்ணே. நீங்க சொல்லப்போறதைக் கேக்கிறாங்க."