அத்தை ஒட்டின யானை

ஒரு ஊர்ல ஒரு அத்தை இருந்தா. பெரிய படிப்பு படிச்சவ. வாய் அதை விடப் பெரிசு.

"அது நீதானே அத்தை?"

"கதைல வர்ற அத்தைடி. குறுக்க பேசாம 'ம்' போடு."

"ம்."

அந்த அத்தை வீட்டுக்கு அல்லின்னு ஒரு குட்டிப் பொண்ணு வந்தா. அவ அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில பாப்பா பொறக்கப் போகுது. அம்மா வீடு திரும்பற வரைக்கும் அல்லி இங்கதான் இருக்கணும். அத்தைக்குன்னு பிள்ளை கிடையாது. அண்ணன் மகளுக்காக ஒரு ரூமையே ஒழிச்சு, கட்டில் போட்டு, புது மெத்தை விரிச்சு வச்சிருந்தா. அல்லி உள்ள வந்தா, சுவரைப் பார்த்தா, வீல்னு கத்தினா. மழைத்தண்ணி ஊறி ஊறி அங்க ஒரு கறை. அதுக்கு ரெண்டு கண்ணு, ஒரு கோணவாய்.

"பூதம்! நான் இங்க தூங்க மாட்டேன். என்னை அம்மாச்சி வீட்ல விட்டுடு!"

அத்தை அவசர அவசரமா, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறு. அப்பவும் பூதம் தெரிஞ்சா நானே உன்னை பஸ்ல கூட்டிட்டுப் போய் விடறேன்"னு வாக்கு குடுத்துட்டா.

அப்புறம் கடைக்குப் போயி, யானைப் படம் போட்ட வால்பேப்பர் சுருள் சுருளா வாங்கிட்டு வந்தா. மாமா சொன்னாரு: "கொத்தனாரைக் கூப்பிட்டு முதல்ல ஒழுகறதை அடைக்கலாமே, மங்கை."

"எதுக்கு? நான் முனைவர் பட்டம் வாங்கினவ."

"அது அரசியல் அறிவியல்ல."

"அறிவியல்னு பேர்லயே இருக்குல்ல? ஸ்டூலைப் பிடிங்க"ன்னா அத்தை.

"ம்."

கடையில குடுத்த பசைப் பொட்டலத்தை அத்தை பிரிக்கக்கூட இல்லை. காலேஜ் தேர்தலுக்கு ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டின கை அது. மைதாவைக் கரைச்சு, அடுப்புல கிண்டி, கொழகொழன்னு பசை காய்ச்சி, விளக்குமாத்தால சளப் சளப்னு சுவர்ல அடிச்சா. பேப்பரை ஒட்டிட்டு, இடுப்புல கை வச்சு நின்னா. அப்போ பொரபொரன்னு ஒரு சத்தம். ஊறிப்போன சுண்ணாம்பு பேப்பரோட உரிஞ்சு வந்து, தொப்! மாமா தலைல. எண்ணெய்ல போடறதுக்கு முந்தின வாழைக்கா பஜ்ஜி மாதிரி நின்னாரு மனுஷன்.

"ஹி ஹி ஹி!"

அப்புறம் மிச்சச் சுண்ணாம்பைச் சுரண்டிட்டு, சுவரைத் தண்ணி ஊத்திக் கழுவினா. ஈரச் சுவரைக் கழுவறதுக்கும் ஒரு படிப்பு வேணும்ல? ரெண்டாவது தடவை ஒட்டினா. சீக்கிரம் காயட்டும்னு ஃபேனை அஞ்சுல வச்சா. பேப்பர் ஓரம் மெல்ல எழும்பிச்சு, படபடன்னு அடிச்சுச்சு, பர்ர்ர்னு பிச்சுக்கிட்டுப் போய் ஃபேன்ல சுத்திக்கிச்சு. டர்ர்ர்ர்! ரூம் முழுக்க யானை மழை. காது ஒரு பக்கம், வாலு ஒரு பக்கம்.

"அப்புறம்?"

மூணாவது தடவை ஃபேன் கிடையாது, ஜன்னல் கிடையாது, மூச்சு விடறதுகூடக் கிடையாது. உள்ளங்கையால தடவித் தடவி ஒட்டினா. கிச்சுன்னு ஒட்டிக்கிச்சு! அத்தை ஸ்டூல் மேலயே நின்னு, தன் வேலையைத் தானே செய்யாத சமுதாயம் என்னைக்கும் உருப்படாதுன்னு ஒரு சொற்பொழிவு ஆத்தினா. மாமா நிதானமாக் கேட்டுட்டு, "எல்லா யானையும் ஏன் தலைகீழா நிக்குது?"ன்னாரு.

"நின்னா என்ன? பூதம் தெரியுதா?"

சொல்லி வாயை மூடல, பேப்பர் மேல ஈரம் பரவுச்சு. முதல்ல ஒரு கண்ணு. அப்புறம் இன்னொரு கண்ணு. அப்புறம் கோணவாய். இப்போ அந்த வாய்ல ஒரு யானை வேற, தலைகீழா.

அப்போ அத்தை ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில உக்காந்தா. அல்லியோட துணியை மடிச்சுப் பையில வச்சா. ஹால்ல பாய் விரிச்சு, அவளைப் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டு, "காலைல பஸ்ஸு, கண்ணு"ன்னா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். தோத்தவ கதையில வேற என்ன இருக்கும்?"

அல்லி பாயில புரண்டு அத்தை பக்கம் திரும்பினா.

"அத்தை."

"ம்."

"நான் போயிட்டா நீ மறுபடியும் ஒட்டுவியா?"

"ஒட்டுவேன். எனக்கு என்னைக்குப் புத்தி வந்திருக்கு?"

"மறுபடியும் தலைகீழாத்தான் ஒட்டுவ. நான் கீழ நின்னு தும்பிக்கை எந்தப் பக்கம்னு சொல்றேன். அம்மாச்சி வீட்டுக்கு அப்புறமாப் போலாம்."

"பூதம்?"

"அது ஈரம், அத்தை. அது ஊறி ஊறி வந்தப்ப நான் அங்கதானே நின்னேன்."

"நாளைக்கு முதல் வேலையா கொத்தனாரைக் கூப்பிடறேன்."

"அப்பாடா"ன்னு ஒரு குரல். மாமா இன்னும் தூங்கல.

"நீங்க வாயை மூடுங்க. நீ கண்ணை மூடு. கதையும் தீந்துச்சு, பசையும் தீந்துச்சு, தூங்குடி என் ராசாத்தி."